அப்பத்தா இல்லாத தாய்வழி

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைப் பக்கம் இறங்கினால் உசிலம்பட்டி. அதை ஒட்டி ஜோதிமாணிக்கம் என்றொரு சிற்றூர். அந்த ஊர் இளைஞர் ஒருவரின் இரத்தத்தில் எம்130 என்ற அடையாளக்குறி இருப்பதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபணு ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உலகுக்குச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்து போனவர்களின் சுவடு அது என்றார் வெல்ஸ். 2002இல் வந்த அவருடைய நூலுக்கும், அதே பெயரில் வந்த ஆவணப்படத்துக்கும் 'மனிதனின் பயணம்' என்று தலைப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'ஆண்' என்றும் பொருள் உண்டு. இங்கே அந்தப் பொருள்தான் சரி. எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் அந்தத் துணுக்கை வைத்துத்தான் 'முதல் இந்தியர்' என்ற பட்டம் வழங்கப்பட்டது.

பட்டம் பெற்ற வட்டாரத்துக்கு அதற்கு முன்பும் ஒரு பட்டம் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களின் கைரேகையைப் பதிய வந்த காவல்துறை, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அன்று 'பரம்பரை' இழிவு, இன்று அதே 'பரம்பரை' பெருமை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: ஒரு மனிதர் யார் என்பதை அவருடைய கொடிவழி சொல்லிவிடும் என்பது.

சுருளிப்பட்டி உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒருவரை இனங்காண "யார் வகையறா?" என்று கேட்பார்கள். பதில் அய்யா, தாத்தா, பூட்டன் என்று ஆண் பெயர்களாகவே ஏறும். கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக் குலசாமியை விட்டு, புகுந்த வீட்டுச் சாமிக்குப் பொங்கல் வைப்பாள். இரண்டு கொடிவழிகள் அவள் உடலில்தான் சந்திக்கின்றன. இரண்டிலும் அவள் பெயர் இருக்காது. இந்த நிலையில், தாயிடமிருந்து மட்டுமே வரும் ஒரு மரபணுத் தொகுதி இருக்கிறது, அதை வைத்துத் தாய்வழியை ஆயிரக்கணக்கான தலைமுறைகளுக்குப் பின்னோக்கிப் பிடிக்கலாம் என்று அறிவியல் சொல்லும்போது, பெண்ணியம் பேசும் நாம் அதை இரு கையாலும் வாங்கிக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையைத்தான் நான் இங்கே கேள்விக்கு உட்படுத்த நினைக்கிறேன். மரபணுவியல் சொல்லும் தாய்வழி உண்மைதான். ஆனால் அது பெண்களின் வரலாறு அல்ல. அதை அப்படி வாசித்தால் வகையறாவின் தர்க்கத்தையே பாவாடை கட்டி வீட்டுக்குள் அழைத்துவருகிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஆய்வுமுறை அந்நியமானதே அல்ல. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் வேலைதான் இது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கிடைத்த பிரதிகளையெல்லாம் சேர்த்துவைத்துப் பாடபேதம் பார்த்தார். ஓர் ஏட்டில் ஒருவர் செய்த எழுத்துப் பிழை, அதைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் தொடரும். ஆகவே இரண்டு சுவடிகளில் ஒரே அரிய பிழை இருந்தால் இரண்டுக்கும் ஒரே தாய்ச்சுவடி என்று கொள்ளலாம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்பது 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு சுவடி. செல்லின் கருவுக்கு வெளியே இருப்பது. தாய் அதைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தருகிறாள். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குத் தருகிறாள். மகனோடு அது நின்றுவிடுகிறது. அப்பாவின் எழுத்து அதில் கலப்பதில்லை. எப்போதாவது படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறுகிறது. அந்தப் பிழை அதற்குப் பிறகு வரும் மகள்களின் வரிசை முழுவதிலும் தொடர்கிறது.

இப்படிப் பகிர்ந்துகொண்ட பிழைகளை வைத்துத்தான் மனிதர்களை ஹாப்ளோ குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் எல்3 என்ற கிளையிலிருந்து எம், என் என்று இரண்டு கிளைகள் பிரிந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பூர்வகுடியாக வாழும் ஏறத்தாழ எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் வருவார்கள். 10400ஆம் இடத்தில் சைட்டோசின் போய்த் தைமின் வந்திருப்பது எம் குழுவின் அடையாளங்களில் ஒன்று. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த எம்மைச் சேர்ந்தவர்கள். ஜோதிமாணிக்கத்து எம்130க்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே 'எம்' என்பது அடையாளக்குறி என்பதன் சுருக்கம், இங்கே அது ஒரு கிளையின் பெயர். தந்தைவழியும் தாய்வழியும் ஒரே எழுத்தை அணிந்து வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

பிழையை வைத்து உறவு சொல்வதில் உள்ள சிக்கலும் பதிப்பாசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். ஏட்டில் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே தொடர்பே இல்லாத இரண்டு எழுத்தர்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறலாம். அந்த வகைப் பிழையை வைத்து இரண்டு சுவடிகளும் உடன்பிறப்புகள் என்று சொல்லக் கூடாது. மரபணுவிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. 16519ஆம் எழுத்து உலகெங்கும் திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. ஆகவே கிளை வரையும்போது அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எந்தப் பிழை சாட்சி, எந்தப் பிழை சாட்சியாகாது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் முடிவு என்பதை மறந்துவிடக் கூடாது. வகைப்பாடு இயற்கையில் கிடப்பதல்ல. இயற்கையைப் பார்த்து மனிதர்கள் எழுதுவது.

இதைவிடப் பெரிய விவாதம் மூலபாடம் எது என்பது. 1981இல் கேம்பிரிட்ஜில் ஒரு மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்டது. பெரும்பகுதி ஐரோப்பியர் ஒருவரின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தது. தெளிவில்லாத சில இடங்களை ஹீலா செல்களையும் மாட்டின் வரிசையையும் வைத்து நிரப்பினார்கள். 1999இல் பிழைகளைத் திருத்தினார்கள். இன்றுவரை உலகில் யாருடைய தாய்வழியைச் சோதித்தாலும் இந்த ஒரு வரிசையோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதிலிருந்து வேறுபடும் ஒவ்வோர் இடமும் 'மாற்றம்' என்று பதிவாகிறது. 263ஆம் இடத்தைப் பாருங்கள். உலகில் ஏறத்தாழ எல்லோருக்கும் அங்கே குவானின். கேம்பிரிட்ஜ் நஞ்சுக்கொடிக்கு மட்டும் அடினின். மாறியது அந்த ஐரோப்பியக் கிளை. ஆனால் சுருளிப்பட்டிப் பெண் ஒருத்தி சோதனை செய்துகொண்டால் அவளுடைய அறிக்கையில்தான் 263 'மாற்றம்' என்று வரும். அச்சுப் பிரதியை மூலமாக வைத்துக்கொண்டு, அதற்கு மூத்த ஏட்டின் சரியான பாடத்தைப் 'பேதம்' என்று அடிக்குறிப்பில் தள்ளுவதற்குச் சமம் இது.

2012இல் டோரன் பெஹாரும் சக ஆய்வாளர்களும், மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான மூதாய் வரிசையைக் கணித்து, அதையே ஒப்பீட்டுக்கு வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். மருத்துவம், தடயவியல் என்று எத்தனையோ பதிவுகள் பழைய எண்களில் இருக்கின்றன, மாற்றினால் குழப்பம் வரும் என்பது அவர்கள் வாதம். எண்களைப் பொறுத்தவரை மறுத்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வரிசை எண் ஒரு வசதி. ஆனால் 'மாற்றம்' என்ற சொல் வசதி அல்ல, அது ஒரு தீர்ப்பு. எண்ணை வைத்துக்கொண்டே சொல்லை மாற்றலாம். ஆணை மனிதனாகவும் பெண்ணை அதன் வேறுபாடாகவும் வைத்த இலக்கணங்களோடு மல்லுக்கட்டிய நமக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்களும் அப்படித்தான். ஏ, பி, சி, டி என்ற முதல் எழுத்துகள் அமெரிக்கப் பழங்குடிகளின் தாய்வழிகளுக்குக் கிடைத்தன, அவர்களை முதலில் ஆராய்ந்ததால். மனிதகுலத்தின் வேரான ஆப்பிரிக்கக் கிளைகளுக்குக் கிடைத்தது எல். அகரவரிசை பிறந்த வரிசையைச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் பார்த்த வரிசையைச் சொல்கிறது. எங்கள் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023இல் கிடைத்த புவிசார் குறியீட்டில் அதே பழம் கம்பம் பன்னீர் திராட்சை. பெயரில் ஹாம்பர்க், குறியீட்டில் கம்பம். பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்று கழுத்து வலிக்கக் குலை பறிக்கும் பெண்கள் இரண்டிலும் இல்லை.

எழுத்துகளோடு நிற்காமல் கதையும் கட்டினார் பிரையன் சைக்ஸ். 2001இல் வந்த 'ஏவாளின் ஏழு மகள்கள்' நூலில் ஐரோப்பியத் தாய்வழிகள் ஏழுக்கும் உர்சுலா, ஹெலனா, ஜாஸ்மின் என்று பெயர் வைத்து, ஒவ்வொருத்திக்கும் வாழ்க்கைக் கதை எழுதினார். பெண்ணை மையமாக வைத்த வரலாறு போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெண்கள் செய்யும் ஒரே வரலாற்றுச் செயல் மகள் பெறுவதுதான். அவர்களைத் தாய்களாக்கியது அவர்கள் வாழ்க்கை அல்ல, நம்முடைய வகைப்பாடு.

ஏவாள் என்ற பெயரின் கதை இன்னும் கசப்பானது. 1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, எல்லாத் தாய்வழிகளும் சுமார் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கின்றன என்று காட்டினார்கள். 147இல் 145 நஞ்சுக்கொடிகள். பிள்ளை பெற்ற 145 பெண்கள், பெயரில்லாமல். மீதி இரண்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல் வரிசைகள். அவற்றில் ஒன்று ஹீலா. ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து 1951இல், அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் அவை. கேம்பிரிட்ஜ் வரிசையின் ஓட்டைகளை அடைத்ததும் அதே செல்கள்தான். விவிலியப் பெயர் கற்பனை மூதாய்க்குக் கிடைத்தது. இரத்தமும் சதையுமாக இருந்த பெண்ணுக்கு நெடுங்காலம் இரண்டெழுத்துச் சுருக்கம்தான் மிஞ்சியது.

அந்த 'ஏவாள்' தன் காலத்தின் ஒரே பெண்ணும் அல்ல. அவளோடு எத்தனையோ பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மரபணுக்கள் வேறு வழிகளில் நம்மிடம் இருக்கின்றன. எங்கோ ஒரு தலைமுறையில் மகள் இல்லாமல் மகன் மட்டுமே பிறந்ததால் அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியா வரிசை அறுந்தது, அவ்வளவே. இந்த இடத்தில்தான் என் முக்கியமான வாதம். ஆண்பிள்ளை இல்லாதவளை வம்சம் அற்றவள் என்றது ஊர். பெண்பிள்ளை இல்லாதவளை வரிசை அற்றவள் என்கிறது இந்த மரம். மரபணுவியலாளர்கள் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது ஓர் அளவுகோல் மட்டுமே. அதை அடையாளமாக எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்போதுதான் நாம் ஊர் சொன்னதைத் தலைகீழாகச் சொல்லத் தொடங்குகிறோம்.

கணக்கு எளியது. பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அதில் 512 பெண்கள். மைட்டோகாண்ட்ரியா பேசுவது அவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இரண்டே தலைமுறையில் அது அம்மாச்சியை வைத்துக்கொண்டு அப்பத்தாவைக் கைவிட்டுவிடுகிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அப்பத்தா வீட்டில்தான் வளர்கின்றன. அவள் ஆக்கிய சோறு, அவள் சொன்ன கதை, அவள் வைத வசவு எல்லாம் பிள்ளையிடம் இருக்கும். 'தாய்வழி' என்று வரையும் மரத்தில் அவளுக்கு மட்டும் இடம் இருக்காது.

ஒரே ஒரு நெருங்கிய முறையில் அப்பத்தா உள்ளே வருவாள்: அக்கா மகளைக் கட்டினால். பிள்ளையின் அம்மாச்சி அப்பாவின் அக்காள். அந்த அக்காளைப் பெற்றவள்தான் அப்பத்தா. ஆக அப்பத்தாவின் வரிசை மகள், மகள் வயிற்றுப் பேத்தி வழியாகத் தன் மகனின் பிள்ளைக்கே வந்து சேரும். சொத்து வெளியே போகக் கூடாது, உறவு விட்டுப்போகக் கூடாது என்று எத்தனையோ பெண்களின் சம்மதம் கேட்காமல் நடந்த கல்யாணங்கள் அவை. ஆய்வறிக்கையில் அது வெறும் நேரான தாய்வழியாகத்தான் தெரியும். அந்தக் கோடு அவள் விரும்பி வந்ததா, பிடித்துத் தள்ளியதால் வந்ததா என்று எழுத்து சொல்லாது.

அப்பத்தா உண்மையில் காணாமல் போகவில்லை. அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் குரோமோசோம் அவருடைய அம்மா தந்தது. அதை அவர் தன் மகளுக்கு அப்படியே தருகிறார். ஒவ்வொரு பேத்தியிடமும் அப்பத்தா தந்த எக்ஸ் ஒன்று முழுசாக இருக்கிறது. ஆனால் அந்த எக்ஸ், அப்பத்தாவுக்குத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தவை கலந்து உருவானது. பேத்தி தன் பிள்ளைக்குத் தரும்போது மறுபடியும் கலக்கும். கலப்பதால் அதை வைத்து ஒற்றைக் கோடு போட முடியாது. மரபணுவின் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. கலக்காத இரண்டு சிறு துணுக்குகள் மட்டும் அழகான மரங்களாக வரைய வருகின்றன. தந்தைவழி, தாய்வழி என்று பெயர் பெறுகின்றன. அந்தத் தெளிவு கிடைப்பது மற்றவர்களை விட்டுவிடுவதால்தான். கலப்பில்லாததே அடையாளம் என்ற எண்ணம் எங்கே பழகியது என்று சாதிச் சமூகத்தில் வாழும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதிக்கும் தாய்வழிக்கும் உள்ள உறவை நேரடியாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1998இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மைக்கேல் பாம்ஷாட் முதலானோர் ஆந்திரத்தின் தெலுங்குச் சாதிகளை ஆராய்ந்தார்கள். தாய்வழி மரபணுவில் அடுத்தடுத்த படிநிலைச் சாதிகள் நெருங்கியும், தூரப் படிநிலைகள் விலகியும் இருந்தன. ஒய் குரோமோசோமில் அந்த ஒழுங்கு இல்லை. ஆகவே பெண்கள் அவ்வப்போது மேல்சாதிக்குள் போயிருக்கிறார்கள், ஆண்கள் போகவில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் பெண்வழி மரபணுப் 'பாய்ச்சல்'. தண்ணீர்போலத் தானாகப் பாய்ந்தது என்று கேட்பவருக்குத் தோன்றும். சாதி நிற்பதே அகமணத்தால்தான், அகமணம் நிற்பதே பெண்ணைக் கட்டுப்படுத்துவதால்தான் என்று 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டியிருக்கிறார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தைமணம் மூன்றையும் அதற்கான கருவிகளாக விளக்கியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு இந்த ஆய்வுக்கு வந்தால் 'பாய்ச்சல்' என்ற சொல்லைக் கடந்துபோக முடியாது. மேல்சாதி ஆண் கீழிருந்து பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்திசையில் ஒரு பெண் தானே தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது சாட்சி. ஒரு திசைக்கு அனுமதியும் மறுதிசைக்கு அரிவாளும் இருந்தால், எஞ்சும் மரபணுவிலும் அந்த ஒரு திசைதான் தெரியும். புள்ளிவிவரத்தில் தெரிவது பெண்ணின் நகர்வு. அதன் பின்னால் இருப்பது ஆணின் அதிகாரம்.

தமிழகத்தின் மரபணு வரைபடம் என்று பேசப்படும் 2012ஆம் ஆண்டு ஆய்வு, 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 பேரை ஆராய்ந்தது. மலையில் உணவு தேடுவோர், மானாவாரி விவசாயிகள், கைவினைஞர் என்று தொழில்வாரியாகப் பிரித்தது. அத்தனை பேரும் ஆண்கள். கட்டுரையின் தலைப்பே 'ஆண்வழிகள்' என்று நேர்மையாகச் சொல்கிறது. ஆய்வகத்தை விட்டு வெளியே வரும்போது அந்த அடைமொழி உதிர்ந்து 'தமிழர்கள்' ஆகிவிடுகிறது. களையெடுத்தவளும் நாற்று நட்டவளும் இல்லாத விவசாயச் சமூகம் ஒன்று நமக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு சொல்வதால் மைட்டோகாண்ட்ரியாவைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று பொருளல்ல. அது உறுதியாகச் சொல்லும் ஒன்று நமக்கு மிக வேண்டியது. எம்2 போன்ற இந்தியத் தாய்வழிகள் பல பத்தாயிரம் ஆண்டுகளாக இந்த நிலத்தில் வேர்விட்டவை. அவை பழங்குடிகளிடமும் இருக்கின்றன, சாதிப் படிநிலையின் மேலும் கீழும் இருக்கின்றன. சுவர் எழுப்பியவர்களின் தாய்மார்களும் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தாய்மார்களும் ஒரே கிளைகளிலிருந்து வந்தவர்கள். பரம்பரைப் பெருமை பேசும் எந்தக் கூட்டத்துக்கும் இது உவப்பான செய்தி அல்ல. ஆகவேதான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த எலும்புகளில் மரபணு தேடும் வேலை மதுரையில் நடக்கிறது. இத்தகைய வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ராகிகடி உதாரணம். அங்கே சோதித்த 61 மாதிரிகளில் ஒன்றே ஒன்றுதான் பயன்பட்டது. அது ஒரு பெண்ணுடையது, அவள் தாய்வழி யூ2பி2. 2019இல் அந்த முடிவு வெளியானபோது ஆரியர் வந்தார்களா இல்லையா என்று ஊரெல்லாம் சண்டை நடந்தது. அவள் ஒரு பெண் என்பது அந்தச் சண்டையில் யாருக்கும் தேவைப்படவில்லை. கொந்தகையிலிருந்தும் நாளை ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வரலாம். அன்று 'தமிழரின் தாய்' என்று தலைப்புப் போடத் துடிப்பார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு. எத்தனை பேரிடமிருந்து? எதை மூலபாடமாக வைத்து? கிளையை எந்த இடத்தில் வெட்டிப் பெயர் வைத்தார்கள்? இந்தக் கோட்டில் வராத பெண்கள் யார்? கடைசிக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.